சொல்லி முடிக்க ஓர் இடம்

வாட்ஸ்அப் வந்து தமிழ் கெட்டுப்போயிற்று என்று சொல்கிறவர்கள் கட்சியில் நான் இல்லை. உறவெல்லாம் போயிற்று என்று பொத்தாம்பொதுவாகப் புலம்புகிறவர்கள் கட்சியிலும் இல்லை. அஞ்சலட்டையையும் தந்தியையும் பார்த்து, எஸ்டிடி பூத் வாசலில் இரவுக் கட்டணம் குறையும்வரை காத்து நின்று, இன்று கைபேசித் திரைக்கு வந்து சேர்ந்திருக்கிற தலைமுறை எங்களுடையது. ஒரே ஆயுளில் இத்தனையையும் கண்டவர்கள் எது போயிற்று, எது போகவில்லை, எது புதிதாக வந்தது என்று கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் கணக்கில் எழுத்து குறையவில்லை. முன்னெப்போதையும்விட அதிகம் பேர் அதிகம் எழுதுகிறார்கள். அன்பும் குறையவில்லை. ஆனால் ஒருவர் தாம் சொல்ல வந்ததை, யாரும் குறுக்கிடாமல், முதலிலிருந்து கடைசிவரை சொல்லி முடிக்க நம் குடும்பங்களில் ஓர் இடம் இருந்தது. அதுதான் கடிதம். அந்த இடம் காலியாகிவிட்டது. அங்கே வந்து உட்கார்ந்திருக்கும் குறுஞ்செய்தி வேறு பல வேலைகளைக் கடிதத்தைவிட நன்றாகச் செய்கிறது. இந்த ஒரு வேலையை அது செய்வதில்லை. இதை மெதுவாக விளக்கித்தான் சொல்ல வேண்டும்.

கடிதம் எப்படி இருந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 1879 ஜூலை 1 அன்று கால் அணா விலையில் இந்தியாவில் அறிமுகமான அஞ்சலட்டை எல்லோர் கண்ணுக்கும் திறந்தது. பிள்ளை பிறந்த சேதி, பரீட்சையில் தேறிய சேதி, ஊருக்கு வருகிற தேதி எல்லாம் கார்டில் போகும். வீட்டுச் சங்கதி என்றால் இன்லண்ட் லெட்டர்தான். நீல நிறத் தாள். மடித்து ஓரப் பசையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்ட வேண்டும். உள்ளே தலையில் பிள்ளையார் சுழியோ 786-ஓ சிலுவையோ, அவரவர் வழக்கப்படி. வலப்பக்க மூலையில் ஊரும் தேதியும். 'அன்புள்ள அப்பா அவர்களுக்கு' என்று தொடங்கி, 'இங்கு அனைவரும் நலம், தங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல்' என்று போகும். மழை பெய்ததா, மாடு ஈன்றதா, தங்கைக்குக் காய்ச்சல் விட்டதா என்று நாலு வரி. அதன் பிறகு தனியாக ஒரு 'நிற்க'. கடிதம் எழுத வேண்டிவந்த காரணமே அதற்குக் கீழேதான் இருக்கும். வேலையை விட்டுவிட்டேன், அந்த வரன் எனக்கு வேண்டாம், கடன் வாங்கியது உண்மைதான், இனி இந்த வீட்டில் இருக்க முடியாது. பக்கம் நிறைந்துவிட்டால் மடிப்பின் உட்புறத்தில் எழுதுவார்கள். அதுவும் நிறைந்தால் தாளைத் திருப்பிவைத்து ஓரத்தில் நெருக்கி இரண்டு வரி. 'மற்றவை தங்கள் பதில் கண்டு.' ஒட்டிப் பெட்டியில் போட்டாயிற்று என்றால் அதில் ஒன்றைச் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. போய்ச் சேர இரண்டு மூன்று நாள், பதில் வர மறுபடி அத்தனை நாள்.

இந்த அமைப்பில் முக்கியமானது ஒன்று உண்டு. எழுதுகிறவர் எழுதிக்கொண்டிருக்கும்போது படிக்கப்போகிறவர் எதிரில் இல்லை. நம் வீடுகளில் யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம் என்பதை வயதும் ஆண் பெண் என்பதும்தான் தீர்மானித்துவந்தன; பல வீடுகளில் இன்றும் அப்படித்தான். பெரியவர் பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள். சிறியவரோ மருமகளோ பேசத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே 'எதிர்த்துப் பேசாதே', 'உனக்கு என்ன தெரியும்' என்று வெட்டு விழும். வெட்டாவிட்டாலும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்தே பாதியில் நின்றுபோகும். கடிதத்தில் முகம் மாறுவது தெரியாது. அப்பா கோபப்படலாம், கிழித்தும் போடலாம். ஆனால் கிழிக்குமுன் படித்துத்தான் ஆக வேண்டும். வாயால் சொல்ல முடியாதவர்களுக்கு அது தந்த சுதந்திரத்தை நேரில் பேசும் துணிவுள்ளவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். நம் மரபும் இதைத் தெரிந்தே வைத்திருந்தது. ஆலவாய் இறைவனே பாணபத்திரருக்காகச் சேரமான் பெருமாளுக்கு எழுதிய திருமுகம்தான் பதினோராம் திருமுறையின் முதல் பாடல். பாணர் தாமே போய்க் கேட்கக் கூச வேண்டிய பொருளுதவியை அந்த ஓலை கேட்டுக் கொடுக்கிறது. புரவலரிடம் வாய்விட்டுக் கேட்கத் தயங்கிய புலவர்கள் எழுதி அனுப்பிய சீட்டுக்கவி ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. கீழிருந்து மேல் நோக்கிச் சொல்ல வேண்டியதைச் சொல்ல எழுத்து ஒரு வழி என்பது புதிய செய்தி இல்லை.

அச்சேறிய கடிதங்களைப் பார்த்தால் இது தெரியாமல் போகும். மு. வரதராசனார் எழுதிய 'தம்பிக்கு', 'தங்கைக்கு', அண்ணா 'திராவிட நாடு', 'காஞ்சி' இதழ்களில் தம்பிக்கு எழுதியவை, கருணாநிதி முரசொலியில் உடன்பிறப்புக்கு எழுதியவை எல்லாம் மூத்தவர் இளையவருக்குச் சொல்பவை. புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக வந்தபோது பணமுடைக்கும் பிரிவுக்கும் நடுவில் தவித்த ஒரு கணவரைப் பார்க்க முடிந்தது. எனினும் பெருவாரியான தமிழ்க் கடிதங்கள் புத்தகம் ஆகாதவை. மகள் அப்பாவுக்கு எழுதியது, தம்பி அண்ணனுக்குப் பாகப்பிரிவினை பற்றி எழுதியது, மருமகள் பிறந்த வீட்டுக்கு எழுதியது எல்லாம் டிரங்குப் பெட்டியின் அடியிலோ, கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்ட கட்டிலோ இருந்து மக்கிப்போயின. குடும்பங்களின் பெரிய முடிவுகள் பல அந்தக் கட்டுகளில்தான் எடுக்கப்பட்டன.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கடிதம் எழுதும் பாக்கியம் எத்தனை பேருக்கு இருந்தது? சுதந்திரம் கிடைத்த சில ஆண்டுகளில், 1951 கணக்கெடுப்பின்போது, நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இருபது பேர்கூட இல்லை. 2011-இல்கூடத் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 73 பேர்தான். எழுதத் தெரியாத தாய் தபால் நிலைய வாசலில் காசு கொடுத்தோ, பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையனைக் கெஞ்சியோ எழுத வைத்தாள். அவள் மனசில் இருந்ததில் எவ்வளவு அந்தப் பையன் முன் சொல்லத்தக்கது? பதில் வந்தாலும் இன்னொருவர் வாயால்தான் அவள் கேட்க வேண்டும். மருமகளுக்கு வந்த கடிதத்தை மாமனார் பிரித்துப் படித்துவிட்டுக் கொடுப்பதை யாரும் தவறாக நினைக்கவில்லை. பிறந்த வீட்டுக்கு எழுதும்போது 'நான் சௌக்கியம்' என்பதைத் தவிர வேறு எழுத முடியாத பெண்கள் இருந்தார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டுக் கடிதத்தைப் புகழ்ந்தால் அது பொய். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களும் ஊரில் இருந்த மனைவி மக்களும் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பியது இந்தக் குறையை ஈடுகட்டத்தான். 2013-இல் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தபோது, எழுதத் தெரியாத ஒரு தாய் இன்னொருவர் கையை நம்பாமல் தன் பிள்ளையோடு பேச முடிந்தது. 2017-இல் கூகுள், தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. கடவுச்சொல் போட்ட கைபேசி ஒரு பெண்ணிடம் இருப்பது, பூட்டு உள்ள பெட்டி அவளிடம் இருப்பதைப் போன்றது. இந்த லாபத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். கடிதம் சிலருக்கு மட்டும் கொடுத்த தனிமையைக் கைபேசி பலருக்குக் கொடுத்தது. அந்தத் தனிமைக்குள் சொல்லி முடிக்கும் அவகாசம் கிடைத்ததா என்பதே என் கேள்வி.

மொழி பற்றியும் பேசியாக வேண்டும். ஏனென்றால் பழி முழுவதும் அதன்மேல்தான் விழுகிறது. முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போயிற்று. அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஒரு செய்திக்கு 160 எழுத்து என்ற அளவை வகுத்தவர்களில் ஒருவரான ஜெர்மானியர் ஃப்ரீடெல்ம் ஹில்லேபிராண்ட், அஞ்சலட்டைகளில் மக்கள் எவ்வளவு எழுதுகிறார்கள் என்பதையும் பார்த்தே அது போதும் என்று நினைத்தார். அந்த 160 ரோமன் எழுத்துக்குத்தான். யூனிகோடில் தமிழை அனுப்பினால் அதே செய்தியில் 70 இடம்தான் உண்டு. அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம். 'கொடுத்தேன்' நமக்கு ஐந்து எழுத்து; கருவிக்குப் பத்து. ஒரு செய்திக்கு இவ்வளவு காசு என்று எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பண்டிகை நாளில் சலுகைத் திட்டமும் செல்லாது என்ற காலத்தில், இப்படிச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? அனுப்பினாலும் எதிர்முனைக் கைபேசியில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005-இல் சிங்கப்பூரில் வெளிவந்து தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. அது எல்லோர் கைக்கும் வந்து சேரப் பல ஆண்டு பிடித்தது. அதுவரை தமிழன் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதினான். ரோமன் எழுத்தில் செந்தமிழ் எழுத யாருக்கும் தோன்றாது. வாய் பேசுகிறபடிதான் விரல் போகும். பின்னால் தமிழ் விசைப்பலகை வந்தபோது எழுத்துரு திரும்பி வந்தது, பேச்சு நடை அப்படியே தங்கிவிட்டது. நாடகத்திலும் கதையின் உரையாடலிலும் மட்டும் இருந்த பேச்சுத் தமிழைக் கோடிக்கணக்கானவர்கள் அன்றாடம் எழுதுவது இதுவே முதல் முறை.

இதை நான் சீரழிவு என்று சொல்ல மாட்டேன். ஏடு எழுதிய நம் முன்னோர் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். நாள், மாதம், வருடம், வரவு, பற்று, மேற்படி என்று அடிக்கடி வரும் சொற்களுக்கெல்லாம் ஒற்றைக் குறிகள் வைத்திருந்தார்கள். ௳, ௴, ௵ என்று அவை இன்று யூனிகோடிலும் இருக்கின்றன. தந்தியில் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்ததால் வேற்றுமை உருபெல்லாம் உதிர்ந்துவிடும். வாழ்த்துகளுக்கு எண் போட்டுப் பட்டியல் வைத்திருந்தார்கள். எண்ணைச் சொன்னால் போதும், அங்கே முழு வாழ்த்தும் அச்சாகி வரும். 2013 ஜூலையில் தந்தி நிறுத்தப்பட்டது. அதுவரை அதனால் யாருடைய மொழியும் கெட்டதாகத் தெரியவில்லை. இங்கிலாந்தின் கவன்ட்ரி பல்கலைக்கழகத்தில் பெவர்லி பிளெஸ்டரும் கிளேர் உட்டும் மற்றவர்களும் 10 முதல் 12 வயதுவரையுள்ள 88 பிள்ளைகளை வைத்துச் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், குறுஞ்செய்திச் சுருக்கங்களை அதிகம் கையாண்ட பிள்ளைகள் சொற்களை வாசிப்பதில் பின்தங்கியிருக்கவில்லை, தேறியவர்களாகவே இருந்தார்கள். அது ஆங்கிலப் பிள்ளைகளின் கதை, அப்படியே தமிழுக்குப் பொருத்தக் கூடாது என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகளைப் பார்த்து நாம் வருந்தினால், அதற்கான காரணத்தைப் பள்ளியிலும் வீட்டின் புத்தக அலமாரியிலும்தான் தேட வேண்டும். பேச்சுத் தமிழ் எழுத்தில் ஏறியதால் கிடைத்த நன்மையும் உண்டு. 'தங்கள் நலம் அறிய அவா' என்பதற்கு அப்பால் பிள்ளைகளிடம் பேச மொழி இல்லாதிருந்த அப்பாக்கள் இன்று 'சாப்ட்டியா', 'மழைல நனையாத' என்று எழுதுகிறார்கள். வாயால்கூடச் சொல்லாத பரிவை அவர்கள் விரலால் சொல்வதைப் பார்க்கிற எவரும் இந்தக் கருவியைச் சபிக்க மாட்டார்கள்.

மொழியும் கெடவில்லை, அன்பும் கூடியிருக்கிறது என்றால் குறை எங்கே? பேச்சின் நடை எழுத்துக்குள் வந்தபோது பேச்சின் குறுக்கீடும் கூடவே வந்துவிட்டது. சென்னையில் வேலை பார்க்கும் ஒரு மகன், ஊர் நிலத்தை விற்கலாம் என்று தெரிவிக்க விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். 'அப்பா ஒரு விஷயம் சொல்லணும்' என்று அனுப்புகிறான். இரண்டு டிக் விழுகிறது, நீலமாகிறது. 'என்ன' என்று பதில். 'நிலத்த பத்தி' என்கிறான். மகன் அடுத்த வரியை அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே 'தட்டச்சு செய்கிறார்' என்று வருகிறது. 'யார் என்ன சொன்னா உன்கிட்ட' என்று அப்பா கேட்டுவிட்டார். இப்போது அவன் அடித்துவைத்திருப்பது பழைய கேள்விக்குப் பதில், அழிக்கிறான். 'யாரும் சொல்லல' என்று அனுப்புகிறான். 'மாமா போன் பண்ணுனானா' என்று அடுத்தது வருகிறது. கிணறு வற்றியது, கூலிக்கு ஆள் கிடைக்காதது, அப்பாவின் முழங்கால் வலி, தன் வீட்டுக் கடன், அம்மா பெயரில் ஒரு பாதியை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை எல்லாவற்றையும் மூன்று இரவு யோசித்து வைத்திருந்தான். அதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. பத்து நிமிஷத்தில் பேச்சு மாமாவின் பழைய துரோகத்துக்குப் போய்விட்டது. கடைசியில் ஒரு கட்டைவிரல் சின்னம். இதே மகன் இன்லண்ட் லெட்டரில் எழுதியிருந்தால் அப்பா கோபித்திருக்க மாட்டார் என்று சொல்லவில்லை. ஆனால் முழுக் காரணத்தையும் படித்துவிட்டுக் கோபித்திருப்பார். பாதி கேட்டுவிட்டு வரும் கோபத்துக்குச் சமாதானம் சொல்லி மாளாது.

இதற்குமேல் கருவியே ஒரு பாரத்தை ஏற்றிவைத்திருக்கிறது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீல டிக்கைக் கொண்டுவந்தது. அணைத்துவைக்கும் வசதி அடுத்தே வந்தாலும், அணைத்துவைப்பதே ஒரு செய்தியாகப் படிக்கப்பட்டது. முன்பு பதில் வராத நாட்களுக்குத் தபால் தாமதம், ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை என்று பத்துக் காரணம் இருந்தது. நல்ல காரணத்தை நாமே தேடிக் கொடுத்துக்கொள்வோம். இன்று பார்த்த நேரம் நிமிஷக் கணக்காகத் தெரிகிறது. யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அலட்சியமாகக் கணக்கு எழுதப்படுகிறது. ஆகவே யோசிக்காமல் பதில் சொல்வது மரியாதை ஆகிவிட்டது. பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் சீலியா கிளின் குழுவினர் 126 மாணவர்களிடம் நடத்தி 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒற்றைச் சொல் பதிலின் இறுதியில் முற்றுப்புள்ளி இருந்தால், குறுஞ்செய்தியில் அதை மனமில்லாத பதில் என்று படித்தார்கள். அதையே கையால் எழுதிய சீட்டில் பார்த்தபோது புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடு தெரியவில்லை. தாளில் ஒன்றும் செய்யாத ஒரு புள்ளி திரையில் முகச்சுளிப்பாக மாறுகிறது. ஜஸ்டின் குரூகரும் நிக்கலஸ் எப்லியும் 2005-இல் மின்னஞ்சலை வைத்துச் செய்த சோதனையில், தாங்கள் கேலியாக எழுதினோமா உண்மையாக எழுதினோமா என்பதைப் படிப்பவர் நூற்றுக்கு 78 தடவை சரியாகக் கண்டுகொள்வார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னதோ 56. காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே 50 வந்துவிடும். கடிதத்துக்கும் இந்தக் குறை உண்டுதான். ஆனால் கடிதத்தில் அடுத்த பத்தி முதல் பத்தியின் தொனியை விளக்கிவிடும். இரண்டு சொல் செய்தியில் விளக்க அடுத்த பத்தி கிடையாது. அதற்குள் மறுமுனையில் மனம் புண்பட்டுப் பதிலும் வந்திருக்கும்.

நீளமாக எழுத வேண்டாம் என்று வாட்ஸ்அப் தடுக்கவில்லையே, பக்கம் பக்கமாக எழுதி அனுப்பலாமே என்று கேட்கலாம். அனுப்பலாம்தான். ஆனால் ஒரு கருவி எதை அனுமதிக்கிறது என்பது வேறு, எதைப் பழக்குகிறது என்பது வேறு. நீண்ட செய்தியைத் திரை பாதியில் மடித்து 'மேலும் படிக்க' என்று நிறுத்துகிறது. பால்காரர் கணக்கும் பள்ளிக்கூட அறிவிப்பும் முன்னனுப்பிய வீடியோவும் வந்து விழும் அதே வரிசையில், பேருந்தில் நின்றுகொண்டு அதைப் படிக்கிறோம். நீளமாக வந்தாலே 'என்னாச்சு, ஏதாவது பிரச்னையா' என்று போன் வந்துவிடுகிறது. போனில் பேசிக்கொள்ளலாமே, வீடியோவில் முகமே தெரிகிறதே என்பது இன்னொரு கேள்வி. முகம் தெரிவதுதான் இங்கே சிக்கல். நேரில் சொல்ல முடியாததால்தானே எழுத வந்தார்கள்! தூரத்தில் இருப்பவர்களைப் பக்கத்தில் கொண்டுவருவது நல்ல காரியம். டொரண்டோவில் இருக்கும் பேத்தி யாழ்ப்பாணத்துப் பாட்டியை நாள்தோறும் பார்த்துப் பேசுவதன் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சில சொற்களுக்குத் தூரம் வேண்டியிருக்கிறது. அந்தத் தூரத்தைத் தாங்கள், அவர்கள் என்ற எழுத்துத் தமிழின் மரியாதையும் சேர்ந்தே கொடுத்தது. 'தங்கள் முடிவு எனக்குச் சம்மதமில்லை' என்று எழுத முடிந்த மகளுக்கு, 'எனக்கு ஒத்துவராதுப்பா' என்று எழுத அதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும். பேச்சு நடையில் இருக்கும் நெருக்கம் அன்பைச் சொல்ல உதவுகிறது, மறுப்பைச் சொல்லத் தடையாகிறது.

குடும்பக் குழுக்கள் இதை இன்னும் மோசமாக்கியிருக்கின்றன. இரண்டு பேருக்குள் முடிய வேண்டிய வருத்தம் நாற்பது பேர் பார்க்கும் இடத்தில் வெடிக்கிறது. பார்க்கிறவர்கள் இருப்பதால் இறங்கிவர முடிவதில்லை. கோபித்துக்கொண்டு ஒருவர் வெளியேறினால் அதுவும் எல்லோர் திரையிலும் ஒரு வரியாக விழுந்துகொண்டிருந்தது; 2022-இல்தான் குழுவை நடத்துபவருக்கு மட்டும் தெரியும்படி வாட்ஸ்அப் மாற்றியது. காலை வணக்கப் படங்களைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. தந்தியின் எண் வாழ்த்து செய்த வேலையை அவை செய்கின்றன. எழுதியவர் பெயரே இல்லாத முன்னனுப்பல்கள்தான் கவலை தருபவை. பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்தி கைபேசிகளில் பரவி, 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இப்படிக்கு என்று கையொப்பம் போட வேண்டியிருந்தால் அந்த வதந்தியை எத்தனை பேர் அனுப்பியிருப்பார்கள்?

கடிதமும் தீங்கு செய்திருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். மொட்டைக் கடுதாசியால் நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. ஆத்திரத்தில் எழுதிப் போட்ட ஒரு கடிதத்தால் பத்து வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் உண்டு. 'அனைவரிடமிருந்தும் அழி' என்ற வசதி தபால்பெட்டியில் இல்லை. நோயுற்ற தாய்க்கு எழுதிய கடிதம் அவள் காரியம் முடிந்தபின் வந்து சேர்ந்த வீடுகளும் உண்டு. இன்று ஒரு நொடியில் சேதி போய்விடுகிறது, கிடைக்கிற வண்டியில் ஏறி வந்துவிடுகிறார்கள். தந்திக்காரர் சைக்கிள் வாசலில் நின்றாலே பிரித்துப் படிக்குமுன் ஒப்பாரி எழும் காலம் திரும்ப வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள். நான் கேட்பது பழைய தபாலை அல்ல. தாள் வேண்டும், பேனா வேண்டும் என்றும் பிடிவாதம் இல்லை. இன்றைய இளைஞர்களிலேயே சிலர், முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் கைபேசியின் குறிப்பேட்டில் முதலில் எழுதி, அடித்துத் திருத்தி, ஒரு நாள் ஆறப்போட்டு, பிறகு மொத்தமாக ஒட்டி அனுப்புகிறார்கள். காதலை முறித்துக்கொள்வதையும், தன் மன நோயைப் பற்றி வீட்டுக்குத் தெரிவிப்பதையும், படிப்பை மாற்ற விரும்புவதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் கடிதத்தை மறுபடி கண்டுபிடித்திருக்கிறார்கள். தேவை மறையவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆகவே படிக்கிறவர்களிடம், குறிப்பாக வீட்டில் மூத்தவர்களிடம், கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் பிள்ளையிடமிருந்தோ மருமகளிடமிருந்தோ தம்பியிடமிருந்தோ நீளமாக ஒரு செய்தி வந்தால் பதறிப்போய் உடனே போன் செய்யாதீர்கள். 'வந்தது, நிதானமாகப் படித்துவிட்டு எழுதுகிறேன்' என்று ஒரு வரி போட்டுவிட்டு, உட்கார்ந்து கடைசிவரை படியுங்கள். ஒரு நாள் கழித்துப் பதில் எழுதுங்கள். அந்த ஒரு நாளை அவர்கள் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நீங்கள்தான் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்களே. இளையவர்களுக்கும் ஒன்று: 'ஒரு விஷயம் சொல்லணும்' என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு எதிர்முனையைப் பதற வைக்காதீர்கள். விஷயத்தை முழுதாக எழுதி முடித்துவிட்டு அனுப்புங்கள். பணம், நிலம், கல்யாணம், நோய் இவற்றைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். உரியவருக்குத் தனியாக எழுதுங்கள், கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள்.